துவார்த்தின் கணினி நின்று நின்று போனதும் பிறகு நிற்காமல் போனதும்

செர்ப்பா அருகே, ஆகஸ்ட் மாதக் கடைசி
(சனிக்கிழமை தொடங்கியது)

வடக்கே பிராகா நகரில் வாழும் மதிப்புக்குரிய சம்பந்தியம்மா தோனா எர்மெலிந்தா அவர்களுக்கு, உங்கள் மருமகள் இடலீனாவின் தகப்பன் ஸெஃபெரீனு தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு எழுதுவது. இங்கே நாங்கள் வெயிலைத் தவிர வேறு குறையில்லாமல் இருக்கிறோம். அங்கே உங்கள் முழங்கால் வலி குறைந்து, மழை அளவோடு பெய்து, கோழிகள் முட்டையிட வேண்டும் என்று விரும்புகிறோம்.

இதுவரை கிறிஸ்துமஸுக்கு என் பெயரில் உங்களுக்கு வந்த வாழ்த்துகள் இடலீனா எழுதியவை. அவற்றில் இருந்த மரியாதையில் பாதி அவளுடையது. இந்தக் கடிதத்தில் இருப்பது முழுக்க என்னுடையது. எழுபத்தாறு வயதில், டீச்சர் கிராசாவின் வகுப்பில் இரண்டு குளிர்காலம் உட்கார்ந்து எழுதக் கற்றேன். ஒரு பக்கத்துக்கு ஒரு நாள் ஆகிறது. அவசரம் இருந்தால் கடைசிப் பக்கத்தை முதலில் படித்துக்கொள்ளுங்கள், நான் வருத்தப்பட மாட்டேன்.

உங்கள் கடிதத்தை நானே படித்தேன். இரண்டு மதியம் ஆனது. வேகமாகப் படிப்பவர்களுக்குக் கோபம் ஒரே நேரத்தில் வந்துவிடும், எனக்குத் தவணை முறையில் வந்தது. உங்கள் மகனை நாங்கள் வெயிலில் வாட்டுகிறோம், பூண்டு வாடையில் கிடத்துகிறோம், இந்தப் பொட்டல் காட்டில் அவன் படிப்பு பாழாகிறது என்று எழுதியிருந்தீர்கள். இந்த வெள்ளிக்கிழமை போர்ட்டோ அலுவலகத்துக்கு வேலையை முடித்து அனுப்பவில்லை என்றால், திங்கட்கிழமையே அவனும் இடலீனாவும் பிராகாவுக்கு வந்து உங்கள் தம்பியின் ஓடு விற்கும் கடையில் உட்கார வேண்டும் என்றும், அதற்குத் துவார்த் சம்மதித்துவிட்டான் என்றும் எழுதியிருந்தீர்கள். அவன் எங்களிடம் இதைச் சொல்லவில்லை. நான் கேட்டபோது தலையைக் குனிந்துகொண்டு, "மாமா, இந்தக் கோடையில மூணு தடவை லேட்டா குடுத்துட்டேன். நாலாவது தடவைன்னா அவங்களே என்னை நிறுத்திடுவாங்க. அப்புறம் இங்க இருந்து என்ன பண்றது?" என்றான். எனக்கு ஒரே மகள், அவள் தூங்கும் அறைக்கும் என் அறைக்கும் நடுவில் ஒரு சுவர்தான் இருக்கிறது. அது பல மலைகளாக ஆவதில் எனக்கு விருப்பமில்லை என்பதை மரியாதையோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

துவார்த்தின் வேலை உங்களுக்குத் தெரியும். இன்னும் கட்டப்படாத கட்டடத்துக்குள் நாம் நடந்து போவது போலப் படம் செய்கிறான். இந்த முறை கடற்கரையில் வரப்போகும் ஓர் ஓட்டல். நானே அதன் மாடிப்படியில் ஏறிப் பார்த்தேன், மூச்சு வாங்கவில்லை. ஆனால் ஒவ்வொரு படமாகக் கணக்குப் போட்டுத் தீட்ட அவனுடைய பழைய கணினிக்கு நாள்கணக்கில் ஆகிறது. புதியது வாங்க வழியில்லாததால் அவன் அதன் வேகத்தைத் தன் கையாலேயே கூட்டி வைத்தான். கழுதைக்குக் கேரட்டைக் காட்டுவது போல என்று நினைத்தேன், அப்படி இல்லையாம். கூட்டியது முதல் அது இரண்டாவது மணி நேரத்தில் நீலத் திரையைக் காட்டி நின்றுவிடும். அதுவரை செய்ததெல்லாம் போய்விடும். திரும்ப முதலிலிருந்து ஓட்டலின் வாசலில் நிற்க வேண்டும்.

என் மருமகன் இப்படி வாசலிலேயே நிற்பதைப் பார்த்துக்கொண்டு நான் சும்மா இருப்பேனா? பக்கத்து வீட்டுக் கசிமீருவின் கிணற்று மோட்டார் ஓடும்போதெல்லாம் எங்கள் விளக்கு கண் சிமிட்டும், ஆகவே குற்றவாளி அதுதான் என்று முடிவு செய்து அவனிடம் போய் இரண்டு நாள் மோட்டாரை நிறுத்தச் சொன்னேன். அவன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "யோவ் ஸெஃபெரீனு, உன் மருமகன் பொட்டி நின்னு போகுதுன்னு என் தக்காளி சாகணுமா?" என்று கேட்டான். உப்பிட்ட பன்றித்தொடை ஒன்று தருவதாகச் சொன்ன பிறகு நிறுத்தினான். கணினி வழக்கம்போல இரண்டாவது மணி நேரத்தில் நின்றது. தக்காளி முதல் நாளிலேயே வாடிவிட்டது. பன்றித்தொடையைக் கொடுத்துவிட்டேன். பிறகு எல்லோரும் வெயில்தான் காரணம் என்றார்கள், துவார்த்தும் அப்படித்தான் நினைத்தான். ஆகவே இருவருமாகக் கணினியைத் தூக்கிக்கொண்டு போய் ஒயின் மண்ஜாடிகள் இருக்கும் அறையில் வைத்தோம், ஆகஸ்ட் மாதத்திலும் சில்லென்று இருக்கும் இடம் அது ஒன்றுதான். துவார்த் என் நரித்தோல் கழுத்துப்பட்டை வைத்த கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்து வேலை பார்த்தான். (ஆகவே அவன் வெயிலில் வாடுகிறான் என்று நீங்கள் எழுதியது அந்த இரண்டு நாட்களுக்குப் பொருந்தாது.) அங்கேயும் நின்றது. என் மனைவி ஃப்ளோரிந்தா வாசலில் நின்று, "அந்த அறைக்குள்ள போற ஆம்பளைங்க எல்லாம் வேகம் குறைஞ்சுதான் வெளிய வருவாங்க. பொட்டிக்கு மட்டும் வேற விதியா?" என்றாள். மறுநாள் அவள் தன் பங்குக்கு, தொலைந்ததை மீட்டுத் தரும் புனித அந்தோனியாரின் படத்தை எடுத்து வந்து கணினிமேல் சாய்த்து வைத்தாள். அவள் சாய்த்த இடம் காற்று வெளியேறும் ஓட்டை. கணினி அரைமணி நேரம் உறுமிவிட்டு அணைந்தது, அதுவரை இருந்த சாதனையான இரண்டு மணி நேரமும் போய்விட்டது. துவார்த் பயபக்தியோடு படத்தை எடுத்து மேசைமேல் வைத்தான். மாமியாரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீங்கள் நன்றாகத்தான் வளர்த்திருக்கிறீர்கள், சம்பந்தியம்மா, அதை இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

அப்படியே புதன்கிழமை வந்தது. புதன் மாலை எங்கள் ஆண்கள் பாட்டுக்குழு கூடும் நாள். திருமணத்தன்று எங்கள் பாட்டைக் கேட்டு, யார் செத்தது என்று நீங்கள் விசாரித்தது எனக்கு நினைவிருக்கிறது. எங்கள் பாட்டு மெதுவாகத்தான் போகும். ஒருவர் தனியாகத் தொடங்குவார், இன்னொருவர் மேலே எடுப்பார், பிறகு தோளோடு தோள் சேர்ந்து எல்லோரும் பாடுவோம். தொடங்குகிறவருக்கு இடுப்பில் அறுவை செய்திருப்பதால் இப்போது முடிதிருத்தும் ஜசீந்து தொடங்குகிறான். அவன் கத்தரிக்கோல் போகும் வேகத்தில் பாடுகிறவன். அவனைத் துரத்திப் பிடிக்க நாங்கள் இருபது பேரும் ஓடினோம். மூன்றாம் அடியில் ஆளுக்கு ஒரு வார்த்தையில் இருந்தோம். கசிமீரு மூச்சு முட்டிப் பாதியில் நாற்காலியைத் தேடினான். ஜசீந்து சீப்பைச் சட்டைப் பையில் செருகியபடி, எங்களுக்கெல்லாம் வயதாகிவிட்டது என்றான். குழுத்தலைவர் அபீலியு அவனைத் திட்டவில்லை. எங்களைப் பார்த்துத்தான் பேசினார்.

"அவன் குரல் நல்லா இருக்கு, அவன் அப்படியே போகட்டும். நீங்க எதுக்கு அவன் போற வேகத்துக்கெல்லாம் ஓடுறீங்க? அவன் ஒரு அடி எடுக்கறப்போ நீங்க இத்தனை எடுக்கணும்னு யார் சொன்னது? ஒண்ணு ரெண்டைக் குறைச்சுக்குங்க. உங்க மூச்சு எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான். சேர வேண்டிய இடத்துல சேர்ந்தா போதும்."

அப்படியே செய்தோம். ஜசீந்து தன் வேகத்தில் போனான், நாங்கள் எங்கள் மூச்சில் போனோம், ஒவ்வோர் அடியின் முடிவிலும் சந்தித்தோம். பாட்டு கடைசிவரை உடையவில்லை. வீட்டுக்கு நடந்து வரும்போது நான் கணினியைப் பற்றி நினைக்கவே இல்லை. பொய் சொல்லக் கூடாது.

வியாழன் காலை துவார்த் கணினியின் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு சோர்ந்துபோய் உட்கார்ந்திருந்தான். தூசி தட்டுவதற்காக அதன் நினைவகக் குச்சிகளைக் கழற்றி மேசையில் வைத்திருந்தான், விரல் நீளத்தில் பச்சைப் பட்டைகள். ஒவ்வொன்றிலும் சிறிதாக ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. எழுதக் கற்றதிலிருந்து எழுத்து எதுவும் என் கண்ணில் படாமல் போக முடியாது, சம்பந்தியம்மா. மத்தி மீன் டப்பா, பூச்சிமருந்துப் புட்டி, பேருந்து நிறுத்தத்துப் பலகை, எல்லாவற்றையும் மேலிருந்து கீழே படிக்கிறேன். படித்தவர்கள் எழுத்தைப் பார்த்ததும் தாண்டிப் போகிறார்கள், எனக்கு அந்த வசதி இன்னும் வரவில்லை. ஆகவே சீட்டைப் படித்தேன். 1600 என்று இருந்தது. அவன் குச்சிகளைத் திரும்பச் செருகிக் கணினியை உயிர்ப்பித்து, வேகம் கூட்டும் பக்கத்தைத் திறந்தபோது அதையும் படித்தேன். நினைவகம் என்ற வார்த்தைக்கு நேரே 1920 என்று இருந்தது.

"துவார்த்து, குச்சியில ஆயிரத்து அறுநூறுன்னு போட்டிருக்கு. இங்க ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுன்னு போட்டிருக்கே. எது சரி?"

"மாமா, கொஞ்சம் சும்மா இருங்க," என்றவன் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தான். என்னைப் பார்த்தான். திரையைப் பார்த்தான். பிறகு, "திரும்பப் படிங்க மாமா" என்றான்.

திரும்பப் படி என்று என்னிடம் இதுவரை டீச்சர் கிராசா மட்டுமே சொல்லியிருக்கிறார், அது நான் தப்பாகப் படித்ததால். இது நான் சரியாகப் படித்ததால். குரலைச் சரிசெய்துகொண்டு மெதுவாக, தேவாலயத்தில் வாசிப்பது போல வாசித்தேன். இடலீனா அடுப்படியிலிருந்து வந்து நின்று கேட்டாள்.

பிறகு அவன் எனக்கு விளக்கினான், எனக்குப் புரிந்ததை உங்களுக்கு எழுதுகிறேன். கணினிக்குள் செயலி என்று ஒரு மூளை உண்டு, அதற்கு வேண்டியதை எடுத்துக் கொடுப்பது நினைவகம். இரண்டுக்கும் பொதுவாக ஓர் அடிப்படைத் தாளம் உண்டு. அது 133 ஆக இருந்ததைத் துவார்த் 160 ஆக ஏற்றிவிட்டான், செயலி ஓட வேண்டும் என்று. ஆனால் நினைவகம் ஒரு தாளத்துக்குப் பன்னிரண்டு அடி எடுத்து வைக்கும்படி முன்பே வைக்கப்பட்டிருந்தது. தாளம் ஏறியதும் அதுவும் தன் தகுதிக்கு மேல் ஓட ஆரம்பித்துவிட்டது. இவன் செயலியின் வேகத்தையும் சூட்டையும் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தானே தவிர, பின்னால் மூச்சு வாங்குகிறவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் உடனே ஜசீந்துவின் கதையைச் சொன்னேன். துவார்த் சிரித்துவிட்டு, "அப்போ கோரஸைப் பத்து அடிக்கு இறக்கிடுவோம்" என்று பன்னிரண்டைப் பத்தாக்கினான். நூற்று அறுபதைப் பத்தால் பெருக்கிப் பாருங்கள், சம்பந்தியம்மா, பென்சில்கூட வேண்டாம். சீட்டில் உள்ள எண் அப்படியே வருகிறது.

அதன் பிறகு நினைவகத்தைச் சோதிக்கும் ஒரு நிரலை ஓடவிட்டான். அது பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கச் சொல்வது போன்றது, தப்பினால் சிவப்புக் கோடு வரும். பழைய அளவில் வைத்து ஓட்டிக் காட்டினான், திரை முழுக்கச் சிவப்பு. புதிய அளவில் இரண்டு மணி நேரம் ஓட்டினான், ஒரு கோடு இல்லை. செயலியின் வேகமும் குறையவில்லை. நண்பகலில் ஓட்டலின் வாசலிலிருந்து புறப்பட்டது கணினி. நான் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஃப்ளோரிந்தா அந்தோனியாரைச் சுவரில் மாட்டினாள். கசிமீரு மோட்டாரைப் போட்டான், விளக்கு கண் சிமிட்டியது, கணினி அதைப் பொருட்படுத்தவில்லை. வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு ஓட்டலின் மொட்டைமாடிக்கு வந்து சேர்ந்தோம், அங்கிருந்து கடல் தெரிந்தது. ஐந்து மணிக்குத் துவார்த் வேலையைப் போர்ட்டோவுக்கு அனுப்பினான். இடலீனா என் நெற்றியில் முத்தமிட்டாள். அன்று இரவு ஃப்ளோரிந்தா செய்த பூண்டும் கொத்தமல்லியும் போட்ட ரொட்டிச் சாற்றை உங்கள் மகன் மூன்று கிண்ணம் குடித்தான், வாடையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

ஆகவே, சம்பந்தியம்மா, உங்கள் தம்பி கடையில் அந்த இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைகள் இங்கேயே இருக்கட்டும். திராட்சை பறிக்கும்போது நீங்கள் வந்து ஒரு மாதம் தங்க வேண்டும், ஒயின் அறை குளுமையாக இருக்கும், கோட்டும் தருகிறேன். ஃப்ளோரிந்தா உங்கள் கன்னங்கள் இரண்டிலும் முத்தம் தருகிறாள். உங்கள் தம்பிக்கும் கோழிகளுக்கும் என் விசாரிப்புகள். ஆண்டவர் உங்கள் முழங்காலைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளட்டும்.

தன் கையாலேயே எழுதிக் கையெழுத்திடும்,
ஸெஃபெரீனு

பி.கு. இன்று வியாழன். உறையை ஒட்டுவதற்குள் போர்ட்டோவிலிருந்து தொலைபேசி வந்தது. படத்தை அந்த அலுவலகத்தின் பெரியவர் பார்த்தாராம், ஓட்டல்காரர்களும் பார்த்தார்களாம். இப்படிச் செய்கிறவன் எங்கோ தெற்கில் உட்கார்ந்திருக்கக் கூடாது, செப்டம்பர் நடுவிலிருந்து தினமும் அலுவலகத்துக்கு வர வேண்டும், நல்ல கணினிகள் தருகிறோம் என்றார்களாம். வீடு கிடைக்கும்வரை உங்களோடு பிராகாவில் தங்கி ரயிலில் போய்வருவதாகத் துவார்த் சொல்கிறான். அந்தப் பத்தைத் திரும்பவும் பன்னிரண்டாக்க முடியுமா என்று அவனிடம் கேட்டேன். சிரித்தான். நான் சிரிப்பதற்காகக் கேட்கவில்லை. பிறகு இடலீனா வந்து, "அப்பா, நீங்க வேண்டாம்னு சொன்னா போகல" என்றாள். சொல்வதற்கு வாயைத் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். பெட்டியை எப்போது கட்ட வேண்டும் என்று கேட்டேன்.

மேலே எழுதியதைக் கிழித்துவிட நினைத்தேன், ஆறு நாள் வேலை, மனம் வரவில்லை. ஆகவே நான் எங்கெல்லாம் மறுத்திருக்கிறேனோ அங்கெல்லாம் சம்மதித்ததாக எண்ணிப் படித்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். இடலீனா காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரம் யாரோடும் பேச மாட்டாள். அது கோபம் இல்லை, பிறந்ததிலிருந்து அப்படித்தான். காப்பியைப் பக்கத்தில் வைத்துவிட்டு நீங்கள் உங்கள் வேலையைப் பாருங்கள். இரண்டாவது கோப்பையில் அவளாகவே பேசத் தொடங்குவாள். முதலில் அன்றிரவு கண்ட கனவைச் சொல்வாள், அது நீளமாக இருக்கும். தயவுசெய்து கடைசிவரை கேளுங்கள்.