மச்சானின் காருக்கு நடந்த ஆபரேஷன்

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கை வீட்டுக்காரன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உங்கள் தங்கையும் நலம். அங்கே நீங்களும் அக்காவும் மகன், மருமகள், பேரப்பிள்ளையும் குறைவில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். குளிர் அதிகம் என்று எழுதியிருந்தீர்கள், வெளியே போகும்போது காதை மூடிக்கொண்டு போகவும். உங்கள் தங்கையின் நெற்றியில் மட்டும் ஒரு சின்ன வீக்கம், சமையலறை அலமாரிக் கதவு இடித்தது, வேறொன்றும் இல்லை. உங்கள் காரும் நலம். அதாவது, நலமாகிக்கொண்டு வருகிறது. இதை யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், முழு நினைவோடு, என் கைப்பட எழுதுகிறேன். காவல் நிலையத்தில் எழுத்தராக உட்கார்ந்து ஆயுசு பூராவும் அடுத்தவன் வாக்குமூலத்தை எழுதியவனுக்கு இந்த வரி இல்லாமல் பேனா நகராது, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நீங்கள் ஊருக்குக் கிளம்பும்போது கார் சாவியை என் கையில் கொடுத்துச் சொன்னதெல்லாம் அப்படியே நினைவிருக்கிறது. வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி வையுங்க, வெயில்ல நிறுத்தாதீங்க, முக்கியமா என் தங்கச்சியை ஸ்டியரிங் பக்கம் விட்டுடாதீங்க, அவளுக்கு சைக்கிள்லயே பேலன்ஸ் வராது என்று சொல்லி, வாசலில் நின்று ஒரு சிரிப்பு சிரித்தீர்களே, அந்தச் சிரிப்புகூட இன்னும் காதில் இருக்கிறது. உங்கள் பேச்சை நான் தட்டவே இல்லை. உங்கள் தங்கையும் தட்டவில்லை. அவள் தினமும் காலையில் நடைப்பயிற்சிக்குப் போகிறாள், வருகிறாள், அவ்வளவுதான். வியர்வை கொஞ்சம் அதிகமாக வருகிறது. இனி எழுதப்போகிற விஷயத்துக்கும் அவளுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

நடந்தது இதுதான். ஓய்வு பெற்ற பிறகு மத்தியானத்தில் எனக்கு டிவிதான் துணை என்பது உங்களுக்கே தெரியும். அதிலும் கொள்ளைப் படம் என்றால் எனக்கு உயிர். ஒரு கூட்டம் சேர்ந்து வங்கிக்கோ வைரக்கடைக்கோ திட்டம் போட்டு, கோட்டு சூட்டு மாட்டிக்கொண்டு, வாட்ச்சைப் பார்த்துக்கொண்டே களவாடுவார்கள் பாருங்கள், அந்த மாதிரிப் படம். ஒருநாள் அப்படியொரு படம் ஓடிக்கொண்டிருக்கும்போது வாசலில் மணி அடித்தது. நல்ல வெள்ளைச் சட்டை, தோளில் துணிப்பை, மூக்குக்கண்ணாடி, பார்த்தால் கணக்கு வாத்தியார் மாதிரி ஒருத்தர். "சார், நான் சினிமாவுக்கு வசனம் எழுதுறவன். இந்த ஏரியாவுல திருடங்களைப் பத்தித் தெரிஞ்சவர் யாருன்னு கேட்டேன், எல்லாரும் உங்க வாசலைத்தான் கை காட்டினாங்க" என்றார். எனக்கு எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்கள். ரிட்டயர் ஆனதிலிருந்து என்னிடம் யாரும் பால் பாக்கெட் தவிர எதைப் பற்றியும் கேட்டதில்லை. உட்கார வைத்து டீ கொடுத்தேன். அவருடைய படத்தில் ஒரு மோசடிக் கூட்டம் வருகிறதாம், அவர்கள் தங்களுக்குள் பேசுகிற பாஷை அச்சு அசலாக இருக்க வேண்டுமாம், நான்தான் திருத்திக் கொடுக்க வேண்டுமாம். நான் உள்ளதைச் சொன்னேன். "தம்பி, நான் பார்த்த திருடன் எவனும் பாஷை எல்லாம் பேசினதில்லை. வந்ததும் 'நான் எடுக்கலைங்க'ன்னுவான். கொஞ்ச நேரம் கழிச்சு 'அவன்தாங்க எடுக்கச் சொன்னான்'னுவான். இவ்வளவுதான் இலக்கியம்." அவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "அது நிஜத்துக்குப் போதும் சார், படத்துக்குப் பத்தாது" என்று சொல்லி, தான் எழுதி வைத்திருந்ததை எடுத்து வாசித்தார்.

மச்சான், அதை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். ஏமாறப்போகிற ஆளுக்கு அந்தக் கூட்டத்தில் பெயர் 'நோயாளி'. அவனிடம் நைச்சியமாகப் பேசிக் கூட்டிக்கொண்டு வருகிறவன் 'கம்பவுண்டர்'. அவனுக்கு எதில் சபலம் என்று கண்டுபிடிப்பது 'நாடி பார்ப்பது'. மேசை நாற்காலி டெலிபோன், டை கட்டிய ஆட்கள் எல்லாம் வைத்து நிஜ ஆபீஸ் போலவே ஒன்றைச் சோடித்து வைத்திருப்பார்கள் அல்லவா, அது 'வார்டு'. முதலில் சின்னதாக ஒரு லாபத்தைக் கண்ணில் காட்டி நம்ப வைப்பது 'குளுக்கோஸ்'. ஆபரேஷன் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் எல்லாவற்றையும்விடக் கஷ்டமான வேலை கடைசியில் இருக்கிறதாம், அதற்குப் பெயர் 'டிஸ்சார்ஜ்'. பறிகொடுத்தவன் கத்திக் கூப்பாடு போட்டுக்கொண்டு போலீசுக்கு ஓடாதபடி, போனது போகட்டும், நமக்கும் இதில் ஒரு பெருமை இருக்கிறது என்று அவனே திருப்திப்பட்டு வீட்டுக்குப் போகும்படி இதமாகப் பேசி அனுப்பி வைப்பது. டிஸ்சார்ஜ் சரியாக நடக்காவிட்டால் ஆபரேஷன் செய்து பயனில்லையாம். எனக்கு ஒரே குஷி. அன்றிலிருந்து வீட்டில் அதே பாஷைதான். காய்கறிக்காரர் இரண்டு தக்காளியைச் சும்மா போட்டார், "குளுக்கோஸ் ஏத்துறார், ஜாக்கிரதை" என்றேன். மேல்வீட்டுக்காரர் உடம்பு எப்படி இருக்கு என்று கேட்டார், நாடி பார்க்கிறார் என்று கதவைச் சாத்தினேன். உங்கள் தங்கை தலையில் அடித்துக்கொண்டாள்.

ஒரு சந்தேகம் மட்டும் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. வசனகர்த்தா மறுபடி வந்தபோது கேட்டேன். "தம்பி, எதுக்கு இப்படி ஒரு தனி பாஷை? போலீசுக்குப் புரியக் கூடாதுன்னா?" அதற்கு அவர் சொன்னார்: "போலீசுக்காக இல்ல சார், படம் பார்க்கிறவருக்காக. நாலு வார்த்தைக்கு அர்த்தம் தெரிஞ்சதும் அவர் என்ன நினைக்கிறார்? நானும் இந்தக் கூட்டத்துல ஒருத்தன்னு நினைக்கிறார். அதுக்கப்புறம் திருடங்க மாட்டிக்கக் கூடாதேன்னு அவரே பதறுவார். வார்த்தைக்கு அர்த்தமே அதுதான் சார், 'நீ நம்ம ஆளு.' மத்ததெல்லாம் சும்மா ஜோடனை." அடடா, எவ்வளவு பெரிய விஷயத்தை எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டார் என்று நான் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த வாய் மூடுவதற்குள், "சார், நம்ம கதாநாயகன் ஓட்டுறதுக்கு ஒரு கௌரவமான கார் வேணும், அந்த வாசல்ல நிக்குதே, அந்த மாதிரி" என்றார். என் மச்சானுடைய கார், என் உயிர் போனாலும் தர மாட்டேன் என்று சொல்ல வேண்டியவன், "நம்ம படத்துக்கு இல்லாததா" என்று சாவியை எடுத்து நீட்டினேன். யார் நோயாளி என்று அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. உங்கள் தங்கை அந்த நேரம் தூங்கிக்கொண்டிருந்தாள். நன்றாகக் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

சாவியோடு போனவர் திரும்பி வரவில்லை. மறுநாள் கார் கிடைத்துவிட்டது, பயப்பட வேண்டாம். நம் ஏரியா நெல் கிடங்குக்குப் பின்னால் ஒரு காலி மைதானம் இருக்கிறது, அதன் சுற்றுச்சுவரில் மூக்கை முட்டிக்கொண்டு நின்றிருந்தது. முன்பக்கம் கொஞ்சம் உள்வாங்கிவிட்டது, இடது விளக்கு இல்லை, அவ்வளவுதான். ஒரு பொருளும் களவு போகவில்லை. உங்கள் குடைகூட அப்படியே இருக்கிறது. எதையுமே எடுக்காமல் போயிருக்கிறார்கள் என்றால் எப்பேர்ப்பட்ட கைதேர்ந்த கூட்டமாக இருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். ஓட்டுநர் சீட்டை நன்றாக முன்னுக்குத் தள்ளி, முதுகுக்கு எங்கள் வீட்டு நீலத் தலையணையை வைத்திருந்தார்கள். ஆகவே ஓட்டியவன் குள்ளமான ஆசாமி என்று தெரிகிறது. தலையணையை எப்போது எடுத்தான் என்றுதான் தெரியவில்லை. பின் கண்ணாடியில் சிவப்பாக 'எல்' என்று ஓர் எழுத்து ஒட்டியிருந்தது, மெக்கானிக் சுரண்டிப் பார்த்தும் தடம் போகவில்லை, நீங்கள் வந்தால் உங்கள் கண்ணில் முதலில் அதுதான் படும். கார் ஓட்டப் பழகுகிறவர்கள் ஒட்டுகிற எழுத்து போலவே இருக்கும், அதைப் பார்த்து நீங்கள் ஏமாந்துவிடக் கூடாது. கூட்டத்தின் பாஷையில் அதற்கு, 'பின்னால் வருகிறவன் எச்சரிக்கையாக வா' என்று அர்த்தமாம்.

புகார் எதுவும் கொடுக்கவில்லை. நான் உட்கார்ந்திருந்த அதே நாற்காலிக்கு எதிரே போய் நின்று, நான் ஏமாந்த கதையை நானே சொல்ல, இப்போதிருக்கிற சின்னப் பையன் அதை எழுத, அந்த அவமானம் வேண்டாம் மச்சான். போன தடவை நான் தண்ணீர் சுத்தம் செய்கிற மெஷின் என்று நம்பி ஏதோ ஒரு தகர டப்பாவை வாங்கி வந்ததை, நீங்கள் கல்யாண வீட்டில் பந்தி பந்தியாகப் போய்ச் சொல்லிச் சிரித்தீர்கள். பரவாயில்லை, இதையும் சொல்லிக்கொள்ளுங்கள். தாராளமாகச் சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் என்னை மட்டும் சிரியுங்கள். உங்கள் தங்கையிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க வேண்டாம், பாவம், அவளுக்கு ஒன்றுமே தெரியாது. செலவு முழுக்க என்னுடையது, மெக்கானிக்கும் நல்ல மனுஷன். ஒன்று நினைத்தால்தான் எனக்கு ஆறுதலாக இருக்கிறது. அந்தக் கூட்டத்தின் ரகசிய பாஷை முழுவதையும் இந்தக் கடிதத்தில் உங்களுக்குச் சொல்லிவிட்டேன். நம் குடும்பத்திலேயே என்னையும் உங்களையும் தவிர வேறு யாருக்கும் இது தெரியாது. இனி நீங்களும் நம்ம ஆளு.

அக்காவுக்கு என் வணக்கம். மகனுக்கும் மருமகளுக்கும் அன்பு, பேரப்பிள்ளை நோய் நொடி இல்லாமல் வளர்ந்து ஆளாகட்டும், எந்தப் படத்துக்கும் யாருக்கும் கார் கொடுக்காமல் இருக்கட்டும்.

மேலே எழுதியதெல்லாம் நானே வாசித்துப் பார்த்துச் சரியென்று ஒப்புக்கொண்டது.

இப்படிக்கு,
பணிவுள்ள தங்கை வீட்டுக்காரன்

பின்குறிப்பு:

அண்ணா, நான்தான் எழுதுறேன். கவரை ஒட்டச் சொல்லி என்கிட்ட கொடுத்துட்டு இவர் ஸ்டாம்ப் வாங்கப் போயிருக்கார். படிக்காம ஒட்டுன்னு வேற சொன்னார், அதனால முதல் வேலையா உட்கார்ந்து படிச்சேன். வசனகர்த்தாவும் வரலை, கம்பவுண்டரும் வரலை. இந்த மாசம் நம்ம வீட்டு மணியை அடிச்ச ஒரே ஆள் கேஸ் சிலிண்டர்காரர்தான். நோயாளி, வார்டு, குளுக்கோஸ் எல்லாம் இவர் மத்தியானம் பார்க்கிற படங்கள்ல பொறுக்கினது. அடுத்தவங்க பொய்யை அத்தனை வருஷம் எழுதினவருக்கு, சொந்தமா ஒரு பொய் ஒழுங்கா எழுத வரலை பாருங்க.

உங்க காரைச் சுவத்துல இடிச்சது நான். ஒரு டீச்சரம்மாகிட்ட காலையில போய் ஓட்டப் பழகினேன். தலையணை என்னோடது, நெத்தி வீக்கமும் என்னோடதுதான். பிரேக்குன்னு நினைச்சு வேற எதையோ மிதிச்சுட்டேன். பின் சீட்ல இருந்த இவர் கதவைத் திறந்துகிட்டு ஓடி வந்தார். கார் மூஞ்சியை இவர் திரும்பிக்கூடப் பார்க்கலை, என் மூஞ்சியைத்தான் பிடிச்சுத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அன்னிக்கு நான் அழுத அழுகைக்குக் காரணம் கார் இல்லண்ணா, நீங்க வாசல்ல நின்னு சிரிச்ச சிரிப்புதான். "விடு, உங்க அண்ணன் உன்னைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும், எனக்குப் பழக்கம்தானே" அப்படின்னு சொல்லிட்டுப் பேனாவை எடுத்தார். ஏமாந்தவன்னு யாராவது சொன்னா ராத்திரி தூக்கம் வராத மனுஷன், எனக்காக இத்தனை பக்கத்துக்கு ஏமாந்திருக்கார். உங்களை நல்லபடியா டிஸ்சார்ஜ் பண்ணத்தான் இந்தக் கடிதம். இவ்வளவு பாடுபட்டவரை நீங்க வந்ததும் பார்த்துச் சிரிச்சீங்க, அப்புறம் நான் உங்களுக்குத் தங்கச்சியா இருக்க மாட்டேன்.

போன வாரம் டெஸ்ட்ல பாஸ் ஆகிட்டேன். வெள்ளிக்கிழமை கார் வந்துடும். நீங்க வந்து இறங்குற அன்னிக்கு உங்களைக் கூட்டிட்டு வர நானே கார் எடுத்துட்டு வர்றேன், ஆட்டோ பிடிக்காதீங்க. பின் சீட்ல உட்காருங்க. பயமா இருந்தா கண்ணை மூடிக்குங்க, இவரும் தினமும் அப்படித்தான் வந்தார்.