கலங்கியது திமிங்கலத்தின் தொட்டி

இனிமேல் இணையக் குழுவில் புதிதாகச் சேருகிற ஒருத்தருக்கும் பதில் சொல்வதில்லை என்று மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் முடிவெடுத்தபோது அவர் வாய் நிறையச் சோறு இருந்தது. விழுங்கிவிட்டு அறிவித்திருக்கலாம். ஆத்திரத்துக்கு அவ்வளவு பொறுமை ஏது?

"மறுபடியும் அதே கேள்வி" என்று கைப்பேசியை மனைவியின் தட்டுக்கு மேலே நீட்டினார். "மீனுக்கு ஒரு நாளைக்கு எத்தனை தடவை தீனி போடணுமாம். காலையிலதான் ஒருத்தன் இதையே கேட்டான்."

"காலையில கேட்டவர் வேற, இவர் வேற இல்லையா?" என்றாள் மனைவி.

"ஆள் வேற. கேள்வி ஒண்ணுதானே?"

"பசி எல்லாருக்கும் ஒண்ணுதான். அதுக்காக ஒருத்தர் சாப்பிட்டா ஊருக்கே வயிறு நிறைஞ்சிடுமா?"

தனக்குப் பதில் தெரியாத கேள்விகளை அவர் கேள்வியாகவே மதிப்பதில்லை. ஆகவே தண்ணீர் குடித்தார்.

கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்பவர்களுக்கென்று இணையத்தில் ஒரு குழு இருந்தது. அதில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. அவர் அங்கே திமிங்கலம். பெயரைத் தேர்ந்தெடுத்தது அவர்தான் என்று சொல்லத் தேவையில்லை. தினமும் யாராவது ஒரு புதியவர் தயங்கித் தயங்கி வந்து, "ஐயா, என் மீன் ஒரு மூலையிலேயே நிக்குது, என்ன பண்ணலாம்?" என்று கேட்பார். திமிங்கலம் உடனே மேலெழும்பி, "ஏற்கெனவே பேசியாகிவிட்டது. தேடிப் பார்க்கவும்" என்று ஒரே வரியில் வாலால் அடித்துவிட்டு மூழ்கிவிடும். அடி வாங்கியவர் அதன் பிறகு வாய் திறக்கமாட்டார்.

நியாயமாகப் பார்த்தால் மனிதர் மேல் முழுப் பழியும் போட முடியாது. பகலெல்லாம் மூக்குக்கண்ணாடிக் கடையில் நின்று, "இந்த பிரேம் எனக்கு எடுப்பா இருக்கா?" என்று வருகிறவர்கள் எல்லாரும் கேட்கும் ஒரே கேள்விக்கு, "உங்களுக்காகவே செஞ்ச மாதிரி இருக்கு சார்" என்று சிரித்துக்கொண்டே சொல்லுகிறவர் அவர். சிரித்துச் சிரித்துத் தாடை வலித்துப் போய் வீட்டுக்கு வருவார். கடையில் பூனையாக இருந்த பாவத்துக்குக் குழுவில் புலியாக இருந்து பரிகாரம் தேடிக்கொண்டார்.

மனைவிக்கும் கேள்வி கேட்கிறவர்களோடுதான் பிழைப்பு. பஸ் நிலையத்தில் விசாரணை ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பாள். அந்த ஜன்னலுக்கு வருகிற எல்லாருமே புதியவர்கள். எல்லாரும் பஸ் எப்போது வரும் என்றுதான் கேட்பார்கள். முன்னால் நிற்பவருக்குச் சொன்னது காதில் விழுந்திருந்தாலும் தன் வாயால் ஒரு தடவை கேட்டால்தான் அவர்களுக்குத் திருப்தி. அவளும் அன்றைக்குத்தான் முதன்முதலாக அந்தக் கேள்வி காதில் விழுந்ததுபோல முகத்தை வைத்துக்கொண்டு சொல்லுவாள். வீட்டுக்கு வந்தால் கணவர், "என் துண்டு எங்கே?" என்பார். அதற்கும் அப்படியே சொல்லுவாள்.

குழுவின் தலைவர் வயதானவர். கண் சரியில்லை, பொறுப்பை வேறொருவரிடம் ஒப்படைக்கப் போகிறேன் என்று ஒரு நாள் அறிவித்தார். அடுத்த தலைவர் யார் என்று எல்லாரும் யோசிக்கும்போதே திமிங்கலம் மனசுக்குள் மாலையைப் போட்டுக்கொண்டுவிட்டது. அதற்கேற்றாற்போல் தலைவரும், மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் எல்லாரும் கூடுவோம், முதலில் திமிங்கலத்தின் தொட்டியைப் பார்ப்போம், பிறகு தலைவர் யார் என்று சொல்கிறேன் என்று எழுதியிருந்தார்.

கண்ணாடிக் கடைக்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. கடைக்கு வந்தவர்களில் ஒருவருக்கு அன்றைக்குத் தள்ளுபடிகூடக் கொடுத்தார்.

அந்தச் சமயம் பார்த்து மனைவி தன் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். இரண்டு நாள்தான். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். தொட்டியை வாங்கியது அவர், அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்வது அவர். தண்ணீர் மாற்றுவது, தீனி போடுவது, பாசி சுரண்டுவது எல்லாம் அவள். ஊரே பார்க்கப் போகிற தொட்டி, பளபளவென்று இருக்க வேண்டாமா என்று அவர் தானே களத்தில் இறங்கினார். பழைய தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் கொட்டினார். தண்ணீரைச் சுத்தம் செய்யும் வடிகட்டியின் பஞ்சு அழுக்காக இருந்தது. அதைக் குழாயடியில் பிழிந்து பிழிந்து, வாங்கின நாளில் இருந்ததைவிட வெள்ளையாக்கினார். புதுத் தண்ணீர் ஊற்றினார். இடுப்பில் கை வைத்து நின்று ரசித்தார்.

மறுநாள் காலை தொட்டி முழுக்கப் பால். மீன்கள் இருக்கின்றனவா என்றே தெரியவில்லை. அவ்வப்போது ஒரு வால் மட்டும் கண்ணாடிப் பக்கம் வந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போயிற்று.

மனைவி பையைக்கூட இறக்கி வைக்காமல் தொட்டியைப் பார்த்தாள். "என்னங்க, தண்ணி ஏன் இப்படி வெள்ளையா இருக்கு?"

"அது அப்படித்தான் இருக்கும். புது முறை" என்றார். குரல் கம்பீரமாகத்தான் இருந்தது. கண்ணைத்தான் தொட்டிப் பக்கம் திருப்பவில்லை.

"ஓ" என்றாள் அவள். அத்தோடு விட்டுவிட்டாள். ஒரு வார்த்தை கூடுதலாகக் கேட்டிருந்தால்கூட உண்மையைக் கொட்டியிருப்பார். அவள் கேட்கவில்லை. இனி அவளிடம் கேட்பதென்றால் மீசையில் மண் ஒட்டியதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

குளியலறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு, குழுவின் பழைய பதிவுகளில் தேடினார். 'தண்ணீர் பால் போல் ஆகிவிட்டது' என்று அடித்ததும் கேள்விகள் வரிசையாக வந்து விழுந்தன. அடேயப்பா, உலகத்தில் எத்தனை பேருக்கு இந்தக் கஷ்டம்! முதல் கேள்வியைத் திறந்தார். கீழே ஒரே ஒரு பதில். 'ஏற்கெனவே பேசியாகிவிட்டது. தேடிப் பார்க்கவும். திமிங்கலம்.' அடுத்ததைத் திறந்தார். அங்கேயும் திமிங்கலம். கீழே போகப் போகத் திமிங்கலம் தவிர வேறு ஜீவராசியே இல்லை. எங்கே பேசியாகிவிட்டது, யார் பேசினார்கள் என்று கடலடி வரை போய்ப் பார்த்துவிட்டார். யாருமே பேசியிருக்கவில்லை. தன் பதிலைப் படித்து எத்தனை பேர் இப்படித் தாழிட்ட அறைக்குள் உட்கார்ந்து தேடியிருப்பார்களோ என்று அவருக்கு முதன்முதலாகத் தோன்றியது. சுருக்கென்று இருந்தது. வெட்கமாகவும் இருந்தது.

வெட்கப்பட்டால் தண்ணீர் தெளியுமா? புதியவர்போல இன்னொரு கணக்குத் தொடங்கினார். பெயர் மீன்குஞ்சு. கேள்வியை அடித்து, சத்தமில்லாமல் வெளியே வந்து தொட்டியை ஒரு போட்டோ எடுத்துச் சேர்த்துப் போட்டார். 'ஐயா' என்று தொடங்கி 'தயவுசெய்து' என்று முடித்திருந்தார். போட்டுவிட்டு, யாராவது வந்து தேடிப் பார்க்கச் சொல்லிவிடுவார்களோ என்று பயந்துகொண்டே காத்திருந்தார். அப்படிச் சொல்லுகிற ஒரே ஆள் தான்தான் என்பது அவருக்கு அந்தப் படபடப்பில் மறந்தே போய்விட்டது.

பதில் தனிச் செய்தியாக வந்தது. அனுப்பியவர் பெயர் உப்புக்கல். 'பயப்படாதீங்க. எல்லாருக்கும் முதல்ல இது நடக்கும். வடிகட்டியைக் குழாய்த் தண்ணில கழுவினீங்களா?'

மீன்குஞ்சுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆமாம் என்று ஒப்புக்கொண்டது. அந்தப் பஞ்சில்தான் தண்ணீரைத் தெளிய வைக்கும் நல்ல கிருமிகள் குடியிருக்கும், அவற்றைக் கழுவிக் கொட்டிவிட்டீர்கள், மறுபடியும் வளர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், அதுவரை நான் சொல்கிறபடி செய்யுங்கள் என்று உப்புக்கல் எழுதியது. திட்டவில்லை. கேலி செய்யவில்லை. இப்படியும் மனிதர்கள் இருக்கிறார்களா என்று அவர் நெகிழ்ந்து போனார்.

மறுநாள் விடியற்காலையில் எழுந்து, முதல் நாளே பிடித்து வைத்த தண்ணீரில் கொஞ்சம் மாற்றினார். எடுத்த தண்ணீரைக் கீழே கொட்டாமல் பால்கனிச் செடிகளுக்கு ஊற்றச் சொல்லி உத்தரவு. ஊற்றினார். அடுத்த நாள், கூடத்தில் தூசி பறந்தால் தண்ணீரில்தான் வந்து படியும் என்று செய்தி வந்தது. கூட்டித் துடைத்தார். அதற்கடுத்த நாள் திரைச்சீலைகளும் தூசிதானே என்று வந்தது. கழற்றி நனைத்துத் துவைத்தார். மனைவி கையில் டீயோடு சோபாவில் கால் மடக்கி உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன, திடீர்னு வீட்டு வேலை எல்லாம்?" என்று கேட்டாள்.

"சும்மா, உடற்பயிற்சி."

"நல்லது. கட்டிலுக்கு அடியிலயும் குனிஞ்சு துடைங்க, இடுப்புக்கு நல்லது."

தொட்டி இருந்தது கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் உள்ள அரைச்சுவர் மேல். அதனால் எண்ணெய்ப் பாத்திரங்களை இரவில் அப்படியே போட்டு வைத்தால் அந்த வாடை மீனுக்கு ஆகாது என்று உப்புக்கல் சொன்னபோது அவருக்கு லேசாகச் சந்தேகம் தட்டியது. பாத்திரத்துக்கும் மீனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார். 'ரெண்டும் ஒரே காத்துதானே சுவாசிக்குது?' என்று பதில் வந்தது. பாத்திரம் எப்போது சுவாசித்தது என்று கேட்கத் தோன்றியது. ஆனால் குருவைக் குறுக்குக் கேள்வி கேட்டு, குரு கோபித்துக்கொண்டால் தொட்டியின் கதி என்ன? முழங்கை வரை சட்டையைச் சுருட்டிக்கொண்டு பாத்திரம் தேய்த்தார்.

இதற்கு நடுவில் காலையில் ஒரு தடவை, கடையிலிருந்து ஒரு தடவை, தூங்கப் போகும்முன் ஒரு தடவை, 'இன்னும் தெளியலையே, தெளிஞ்சிடுமா?' என்று மீன்குஞ்சு கேட்டுக்கொண்டே இருந்தது. அதே கேள்வி. எழுத்துகூட மாறவில்லை. உப்புக்கல்லும், 'தெளிஞ்சிடும், கவலைப்படாதீங்க' என்று சலிக்காமல் எழுதிக்கொண்டே இருந்தது. அந்த ஒரு வரியைப் படித்தால்தான் அவருக்குத் தூக்கம் வந்தது. பதில் அவருக்கு முன்பே தெரியும். இருந்தாலும் யாராவது சொல்ல வேண்டியிருந்தது.

தண்ணீர் தெளிந்தே விட்டது. ஒரு நாள் காலையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து பார்த்தால் அடியில் கிடந்த கூழாங்கற்கள்வரை தெரிந்தன. மீன்கள் ஒன்று குறையாமல் நீந்திக்கொண்டிருந்தன. மனைவியைக் கூப்பிட்டு, "பாத்தியா, புது முறை" என்றார். அவளும் வந்து பார்த்துவிட்டு, "நல்ல முறைதாங்க. விட்டுடாதீங்க" என்றாள்.

அன்றைக்குத்தான் தலைவர் அடுத்த அறிவிப்பைப் போட்டார். குழு புதியவர்களுக்காகத்தான் இருக்கிறது, ஆகவே குழுவில் சேர்ந்து ஒரு வருஷம் ஆகாதவர்கள் மட்டும் ஓட்டுப் போட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கட்டும், யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம் என்றார். திமிங்கலம் கவலைப்படவில்லை. தன்னைத் தெரியாத புதியவர் எவர்? திமிங்கலத்துக்கு ஓட்டில்லை, மீன்குஞ்சுக்கு இருந்தது. தனக்குத் தானே போட்டுக்கொள்வது கேவலம் என்று பட்டது. ஒரு ஓட்டில் கப்பல் கவிழ்ந்துவிடப் போவதில்லை என்று பெருந்தன்மையோடு உப்புக்கல்லின் பெயரை எழுதினார். 'என் ஓட்டு உங்களுக்குத்தான்' என்று தனிச் செய்தியும் அனுப்பினார். அதைச் சொல்லும்போது அவர் மனசில் உண்மையாகவே அன்பு இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. இஸ்திரி போட்ட சட்டையோடு கூடத்தில் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தார். மனைவி தனக்குச் சமையலறையில் வேலை இருக்கிறது என்று அரைச்சுவருக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள். திரையில் சின்னச் சின்னச் சதுரங்களில் முகங்கள். அவர் தொட்டியைக் காட்டினார். எல்லாரும் ஆகா என்றார்கள். தண்ணீரை எப்படித் தெளிவாக வைத்திருப்பது என்று அவர் ஒரு சொற்பொழிவே ஆற்றினார். உப்புக்கல் சொன்னதெல்லாம் வரிசையாக வந்தது. பாத்திரத்தை மட்டும் விட்டுவிட்டார்.

தலைவர் கனைத்துக்கொண்டார். "ஓட்டு எண்ணியாச்சு. திமிங்கலத்துக்கு ஒண்ணு. மீதி அத்தனையும் உப்புக்கல்லுக்கு. நம்ம கேள்விக்கெல்லாம் தனியா வந்து பொறுமையா பதில் சொன்னது அவங்கதான்னு ஒவ்வொருத்தரும் எழுதியிருக்காங்க. இத்தனைக்கும் அவங்க சேர்ந்தே இன்னும் ஒரு வருஷம் ஆகலை. உப்புக்கல் அம்மா, கொஞ்சம் முகம் காட்டுங்க."

புதிதாக ஒரு சதுரம் திறந்தது. அதில் முகம் இல்லை. ஒரு தொட்டி இருந்தது. கூழாங்கற்கள் தெரிந்தன, மீன்கள் நீந்தின. தண்ணீருக்கு அந்தப் பக்கம் கண்ணாடி போட்ட ஒரு ஆள், மூஞ்சி பூசணிக்காய் அளவுக்கு வீங்கி, வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். யாரடா இந்த அசடு என்று அவர் நினைத்தார். வாயை மூடினார். அந்த ஆளும் மூடினார்.

பிறகு கைப்பேசி திரும்பியது. மனைவி புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு எல்லாருக்கும் வணக்கம் சொன்னாள். கைதட்டல் அடங்க வெகு நேரம் ஆயிற்று.

கூட்டம் முடிந்ததும் அவர் சமையலறை வாசலில் போய் நின்றார். கோபப்படலாமா என்று யோசித்தார். எதற்குக் கோபப்படுவது என்று தெரியவில்லை.

"மீன்குஞ்சு நான்தான்னு எப்பத் தெரியும்?"

"முதல் போட்டோவிலயே. தொட்டிக் கண்ணாடியில உங்க மூஞ்சி அப்படியே விழுந்திருந்துச்சு."

கூசாத கண்ணாடி, பிம்பம் விழாத கண்ணாடி என்று பகலெல்லாம் விற்கிற மனிதர் தலையைச் சொறிந்தார். "அப்ப அந்தத் திரைச்சீலை, பாத்திரம்?"

"தண்ணி தெளிஞ்சுதா இல்லையா?"

தெளிந்துதான் இருந்தது. வீடும் பளிச்சென்றுதான் இருந்தது. அவர் பெருமூச்சு விட்டு, சட்டையைச் சரிசெய்து, மிச்சமிருந்த கௌரவத்தைக் கூட்டிச் சேர்த்துக்கொண்டார்.

"சரி, போகட்டும். இவ்வளவுக்கு நடுவிலயும் எனக்குன்னு ஒருத்தன் ஓட்டுப் போட்டிருக்கான் பாரு. அவன்தான் விஷயம் தெரிஞ்சவன்."

"அது நான்தாங்க" என்றாள் மனைவி. "நீங்களே உங்களுக்குப் போட்டுக்கலைன்னு தெரிஞ்சதும் பாவமா போச்சு."