உதவித்தொகைச் சாமியின் ஞானக்கண்

வியாழக்கிழமை என்றால் உத்தமபாளையத்திலிருந்து கோம்பைக்குப் போகும் பேருந்தில் நிற்கவும் இடம் கிடைக்காது. திருவிழாவா? இல்லை. தேர்தல் கூட்டமா? அதுவும் இல்லை, பிரியாணிப் பொட்டலம் தருவதில்லை. கோம்பைக்கு ஒரு கல் முன்னால், தென்னந்தோப்புக்குள் தகரக் கொட்டகை போட்டு உட்கார்ந்திருக்கும் உதவித்தொகைச் சாமியைப் பார்க்கப் போகிற கூட்டம் அது.

பிள்ளை வரம் தரும் சாமி உண்டு. பேய் ஓட்டும் சாமி உண்டு. இவர் காலத்துக்குத் தக்கபடி தொழிலை மாற்றிக்கொண்டவர். ஏழைப் பிள்ளைகள் கல்லூரியில் படிக்க அரசாங்கம் தரும் உதவித்தொகை வருமா, எப்போது வரும், வராவிட்டால் ஏன் வரவில்லை, இவ்வளவுதான் சொல்வார். அரசாங்கத்துக்கே தெரியாதது இவருக்குத் தெரியும் என்று பேச்சு. (அரசாங்கத்துக்குத் தெரிந்ததுதான் இவருக்கும் தெரியும். அதைப் பிறகு பார்ப்போம்.)

சாமிக்கு மதபேதம் கிடையாது. வாசலில் எலுமிச்சம்பழம், ஊதுபத்தி, மெழுகுவர்த்தி மூன்றும் விற்றார்கள். மாதா கோயில் ஊரான ராயப்பன்பட்டிக்காரர்கள் மெழுகுவர்த்தி வாங்கினார்கள், கம்பத்துக்காரர்கள் ஊதுபத்தி வாங்கினார்கள், மற்றவர்கள் எலுமிச்சம்பழம். எதை வாங்கினாலும் காசு விழுந்தது ஒரே உண்டியலில்.

தரிசன முறை இதுதான். கைப்பேசியை அணைத்து வாசலில் உள்ள கூடையில் போட வேண்டும். கதிர்வீச்சு ஞானத்துக்கு ஆகாதாம். ஒரு மஞ்சள் சீட்டில் விண்ணப்ப எண்ணும் பிறந்த தேதியும் எழுதி, சாமிக்குப் பின்னால் சுவரோரம் இருக்கும் பெரிய பித்தளை அண்டாவில் போட வேண்டும். பெயர் எழுதவே கூடாது. பெயரைச் சாமி சொல்லும். பிறகு வாயில் ஓர் ஏலக்காயை அடக்கிக்கொண்டு, பேசாமல் நிற்க வேண்டும். சாமி கண்ணை இறுக மூடியிருப்பார். காதெல்லாம் மறையும்படி ஒரு கூடைச் சடாமுடி. கண்ணைத் திறந்து வந்தவர் முகத்தைப் பார்த்தால் ஞானக்கண் கூசிவிடும் என்பது அவர் தரப்பு விளக்கம்.

பஞ்சம்மாள் தன் மகள் பவானியைக் கூட்டிக்கொண்டு அங்கே வந்து நின்றாள். தினமும் விடியுமுன் ஜீப்பில் மலையேறி, கேரளத்து ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிற பெண் பஞ்சம்மாள். பவானி தேனியில் ஓர் அரசுக் கல்லூரியில் இயற்பியல் இரண்டாம் ஆண்டு. கூடப் படிக்கிறவர்களுக்கெல்லாம் உதவித்தொகை வந்துவிட்டது, இவளுக்கு வரவில்லை. அது வந்தால்தான் விடுதியில் இருந்து படிக்க முடியும், கடன் வாங்கித் தினமும் பேருந்தில் போய்வருவது இனி ஓடாது. வராவிட்டால் அடுத்த மாதம் அம்மாவோடு அதே ஜீப்பில் அவளும் ஏற வேண்டியதுதான்.

சீட்டு அண்டாவில் விழுந்தது. ஒரு நிமிடம் அமைதி. சாமியின் உதடு துடித்தது.

"பவானி!"

பவானிக்கு உடம்பு சிலிர்த்தது.

"தகப்பன் பேரு சுருளிராஜ். படிக்கிறது தேனியில. பௌதிகம், ரெண்டாம் வருஷம்."

பஞ்சம்மாளுக்குக் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. சுருளிராஜ் இறந்து ஆறு வருடம். அந்தப் பெயரை ஊரிலேயே பலர் மறந்துவிட்டார்கள். இவர் தோப்புக்குள் கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறார்!

"பணம் கெளம்பிருச்சு, ஆத்தா. நடுவழியில ராகு மறிச்சு நிக்கிறான். நாப்பத்தெட்டு நாள் பூசை. ஒவ்வொரு வியாழனும் வரணும். பிள்ளையோட ஆதார் கார்டும் பேங்க் புஸ்தகமும் அதுவரைக்கும் எங்கிட்ட பூசையில இருக்கணும். நடுவுல எடுத்தா ராகு குடும்பத்தையே பிடிப்பான்."

பஞ்சம்மாள் இரண்டையும் இரு கையாலும் எடுத்து நீட்டினாள்.

மறுநாள் தேனிப் பேருந்தில் பவானி இதைத் தன் தோழி பாஜிலாவிடம் சொன்னாள். பாஜிலாவின் அத்தா, அதாவது அப்பா, உத்தமபாளையத்தில் நெல் விவசாயி. எதைக் கேட்டாலும் கழற்றிப் பார்க்கிற புத்தி அவளுக்கு. வீட்டு மிக்ஸியை மூன்று முறை கழற்றியிருக்கிறாள், இரண்டு முறை அது ஓடியும் இருக்கிறது.

"சீட்டுல என்னடி எழுதுன?"

"அப்ளிகேஷன் நம்பரும் பிறந்த தேதியும்."

"பிறந்த தேதி சாதகத்துக்குன்னு வச்சுக்குவோம். அப்ளிகேஷன் நம்பர் எந்த ராசி?"

பாஜிலா அடுத்த திருகாணியைக் கழற்றினாள்.

"மூணு வாரத்துக்கு முன்னாடி சாமி திடீர்னு மௌன விரதம்னு கூட்டத்தைத் திருப்பி அனுப்புனாகளாமே?"

"ஆமா. அதுக்கென்ன?"

"அன்னைக்கு ஸ்காலர்ஷிப் வெப்சைட்டு பராமரிப்புன்னு நாள் முழுக்க மூடிக் கெடந்துச்சு. நான் எங்கண்ணனுக்குப் பாக்கப்போயி ஏமாந்தேன். வெப்சைட்டு மூடுனா சாமிக்கு வாயும் மூடுது. நல்ல ஒத்துமை!"

பாஜிலா தன் கைப்பேசியில் அரசின் உதவித்தொகைப் பக்கத்தைத் திறந்தாள். அதில் இரண்டே கட்டங்கள். ஒன்றில் விண்ணப்ப எண், மற்றொன்றில் பிறந்த தேதி. பவானி சொல்லச் சொல்லத் தட்டினாள். பக்கம் விரிந்தது. பெயர் பவானி. தந்தை சுருளிராஜ். கல்லூரி, பாடம், ஆண்டு எல்லாம் வரிசையாக நின்றன. ராகு மட்டும் எங்கும் இல்லை.

பவானி இதை ஏன் முன்பே பார்க்கவில்லை? விண்ணப்பத்தைக் கம்ப்யூட்டர் சென்டரில் போட்டுக் கொடுத்தார்கள். கடைசியில் ஒரு தாளைக் கையில் தந்தார்கள். பஞ்சம்மாள் அதற்கு மஞ்சள் தடவி, வீட்டில் முருகன் படத்துக்குப் பின்னால் செருகிவிட்டாள். அதில் உள்ள எண் ஒரு சாவி என்று யாரும் சொல்லவில்லை. சாவியைப் பூசை செய்தார்கள், பூட்டைத் திறக்கவில்லை.

பக்கத்தின் அடியில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி இருந்தது. பணம் அனுப்பப்பட்டது, ஆனால் ஆதாருடன் இணைந்த வங்கிக் கணக்கு செயல்பாட்டில் இல்லை. வரும் 31-ஆம் தேதிக்குள் சரிசெய்யாவிட்டால் பணம் திரும்பிவிடும்.

"விண்ணப்பத்துல என் கணக்கு நம்பரைச் சரியாத்தான குடுத்தேன்?"

"பணம் அந்த நம்பரைப் பாத்துப் போறதில்லடி. எங்க வயலுக்கு வாய்க்காத் தண்ணி வருதுல்ல? வரப்புல எங்க அத்தா பேரை எழுதி வச்சா வருமா? மடை எங்கன தெறந்திருக்கோ அங்கனதான் பாயும். உன் ஆதார்தான் மடை. பள்ளிக்கூடத்துல படிக்கிறப்ப ஒரு பேங்குல கணக்குத் தெறந்தேல்ல? மடை இன்னும் அந்தப் பக்கமே தெறந்து கெடக்கு. அந்தக் கணக்கு செத்துப்போச்சு. இப்ப இருக்க பேங்குக்குப் போயி, ஆதாரை இங்கன இணைங்கன்னு அரைப் பக்கம் எழுதிக் குடுத்தா முடிஞ்சது."

"ஆதாரும் புஸ்தகமும் சாமிகிட்ட இருக்கே!"

பாஜிலா விரல்விட்டு எண்ணினாள். நாற்பத்தெட்டு நாள் முடிவதற்குள் 31-ஆம் தேதி போய்விடும். பணமும் போய்விடும். இந்தச் சிவப்பு வரியைச் சாமியும் படித்திருப்பார். படித்துவிட்டுத்தான் ராகு என்றார். அட்டை கையில் இருந்தால் யாராவது வங்கிக்குப் போய்ச் சரிசெய்து தொலைத்துவிடுவார்கள் அல்லவா? வேறு அட்டையை இணையத்தில் எடுக்கவும் வழியில்லை. அதற்கான ரகசிய எண் போய்ச் சேருவது ஆதாரில் பதிந்திருந்த சுருளிராஜின் பழைய கைப்பேசிக்கு, அது எப்போதோ அடங்கிவிட்டது.

அன்று மாலை அம்மாவிடம் சொல்லிப் பார்த்தாள் பவானி. பஞ்சம்மாள் காதைப் பொத்திக்கொண்டாள்.

"வாயைக் கழுவு! உங்கப்பன் பேரைச் சொன்னாகடி அவுக. பாதியில புடுங்கச் சொல்றியா?"

சொல்லிப் புரியாது, காட்டினால்தான் புரியும் என்று பவானிக்குத் தோன்றியது. அடுத்த வியாழன் பாஜிலா வீட்டுக்குப் போன் செய்தாள்.

"உங்கண்ணனோட அப்ளிகேஷன் நம்பரைச் சொல்லு. பிறந்த தேதியும். நீயும் கெளம்பி வா."

தோப்பில் வழக்கம்போலக் கூட்டம். பவானி மஞ்சள் சீட்டை அண்டாவில் போட்டாள். ஏலக்காயை வாயில் அடக்கிக்கொண்டாள். பக்கத்தில் பஞ்சம்மாள் கைகூப்பி நின்றாள். பாஜிலா நாலு பேர் தள்ளி வரிசையில்.

சாமியின் உதடு துடித்தது.

"மகனே அல்தாப்!"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. நின்றுகொண்டிருந்தது இரட்டைச் சடை போட்ட பெண்.

"தகப்பன் பேரு கமால். ஊரு உத்தமபாளையம். மதுரையில என்ஜினியரிங் மூணாம் வருஷம். சந்தோசமாப் போ மகனே, வெள்ளிக்கிழமை பணம் வந்து விழும்."

பஞ்சம்மாளின் வாயிலிருந்த ஏலக்காய் கீழே விழுந்தது.

"சாமி! போன வாரம் எம் புருசன் சுருளிராசு. இந்த வாரம் கமாலா? ஏழு நாள்ல எம் புருசனையே மாத்திப்புட்டீகளே!"

கொட்டகைக்குள் முதல் சிரிப்பு எங்கோ பின்னால் கிளம்பியது. சாமி ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். பிறகு இரண்டையும் திறந்தார். தொழில் தெரிந்தவர், உடனே சமாளித்தார்.

"அது... அது இந்தப் பிள்ளையோட போன சென்மம், ஆத்தா."

சிலர் "ஆமா, இருக்கும்" என்று தலையாட்டவும் செய்தார்கள். நம் மக்களின் தலைகள் அதில் நல்ல பயிற்சி பெற்றவை.

பாஜிலா முன்னால் வந்தாள். "போன சென்மத்துல ஆதாரு இருந்துச்சா சாமி? அல்தாப் எங்க அண்ணன். இந்த சென்மத்துல, லீவுக்கு வந்து, இன்னைக்குக் காலையில ஆறு இடியாப்பம் தின்னுட்டுப் படுத்திருக்கான். சரி, ஒரு சோதனை. நம்பர் எழுதாம, பிறந்த தேதி மட்டும் போடுறேன். எம் பேரைச் சொல்லுங்க, போதும். அண்ணன் பேரைத்தான் சொல்லிட்டேனே, பாதிக் கணக்கு முடிஞ்சது."

சீட்டு அண்டாவில் விழுந்தது. சாமி கண்ணை மூடினார். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். நெற்றியில் வியர்வை மட்டும் வந்தது.

அப்போதுதான் ஒச்சாண்டி எழுந்தார். தோட்டங்களுக்குச் சொட்டுநீர்க் குழாய் போடுகிறவர். மூன்று வாரமாக மகளுக்காக வந்துகொண்டிருந்தவர். அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தார்.

"இத்தனை பேரு சீட்டுப் போட்டோம். உள்ள ஒண்ணைக்கூடக் காணமே? அடியில ரெண்டிஞ்சு பி.வி.சி. குழாயில்ல போகுது!"

"அது புனிதக் குழாய். தொடாத!" என்று சாமி பாய்ந்தார்.

ஒச்சாண்டி தொடவில்லை. குழாய் எங்கே போகிறது என்று பார்க்கத் தொழிலாளிக்கு ஒரே வழிதான். பக்கத்தில் இருந்த குடத்துத் தண்ணீரை அப்படியே அண்டாவில் கவிழ்த்தார்.

சுவருக்கு அந்தப் பக்கம், மோட்டார் அறைக்குள்ளிருந்து அலறல் கேட்டது.

"மாமா! மேலெல்லாம் தண்ணி மாமா!"

அந்தக் குரல் இரண்டு இடத்தில் கேட்டதுதான் விசேஷம். மோட்டார் அறையில் ஒரு முறை, சாமியின் சடாமுடிக்குள்ளே ஒரு முறை. பஞ்சம்மாள் எட்டிச் சடையைப் பிடித்தாள். அது அப்படியே கையோடு வந்துவிட்டது. உள்ளே வழவழவென்று வாரிய கிராப்பும், காதில் பச்சை விளக்கு மினுக்கும் கருவியும் இருந்தன.

"ஏலே, இது தங்கப்பாண்டியில்ல! தேனியில பிரவுசிங் சென்டர் வச்சு நொடிச்சுப்போனவன்!" என்றது ஒரு குரல்.

மோட்டார் அறைக்குள் தங்கப்பாண்டியின் மச்சான் வினோத்ராஜ், நனைந்த தலையோடு, மடிக்கணினியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி நின்றான். வேலை எளிதுதான். சீட்டு குழாய் வழியே வழுக்கி வரும். எண்ணைத் தட்டுவான். திரையில் வருவதைப் போனில் படிப்பான். மாமா அதைத் தெய்வக் குரலில் திருப்பிச் சொல்வார். தேறிய விண்ணப்பம் என்றால் 'வெள்ளிக்கிழமை வரும்'. சிக்கல் என்றால் ராகு, கேது, அல்லது பங்காளி வைத்த செய்வினை. மூலையில் ஓர் அரிசிச் சாக்கு. அதற்குள் பூசையில் இருக்க வேண்டிய ஆதார் அட்டைகளும் வங்கிப் புத்தகங்களும்.

நாலு பேர் கையை ஓங்கினார்கள். பாஜிலா தடுத்தாள்.

"அடிச்சா நமக்கு என்ன கெடைக்கும்? உக்காருங்க அண்ணே. ஒவ்வொருத்தர் நம்பரா போடுங்க. தெரையில என்ன இருக்கோ அதை மட்டும் படிங்க. ராகு வந்துச்சு, மறுபடியும் தண்ணிதான்."

வினோத்ராஜ் படித்தான். ஒருவருக்கு வருமானச் சான்று காலாவதி. ஒருவருக்குக் கல்லூரி இன்னும் ஒப்புதல் தரவில்லை. பதினேழு பேருக்குப் பவானியின் கதைதான், மடை மாறிக் கிடந்தது. அத்தனை பேரின் ராகுவும் அரைப் பக்கத் தாளில் நகரக்கூடியவன்.

ஒச்சாண்டியின் மகள் எண் வந்தபோது வினோத்ராஜ் தயங்கினான்.

"படிலே" என்றார் ஒச்சாண்டி.

"இது... கெடு போன வருசமே முடிஞ்சிருச்சு. பணம் திரும்பிப் போயிருச்சு."

அந்தப் பெண் படிப்பை விட்டு நூற்பாலைக்குப் போய் நாலு மாதம் ஆகியிருந்தது. மூன்று வாரமாக ஒச்சாண்டி எலுமிச்சம்பழம் வாங்கிக் கொடுத்தது அந்தப் பணத்துக்குத்தான். "மறுபடி காலேசுல சேத்துட்டு, இந்த வருசத்துக்குப் புதுசாப் போடலாம் மாமா. இன்னும் நாள் இருக்கு. நான் போட்டுத் தாரேன்" என்று பவானிதான் மெல்லச் சொன்னாள்.

யாரோ போன் செய்ததில் போலீஸ் ஜீப் வந்தது. ஏறும்போது தங்கப்பாண்டி, "நான் பொய்யா சொன்னேன்? சொன்ன பேரெல்லாம் சரிதானே?" என்று கேட்டான். அதில் ஒரு நியாயம் இருந்தது. அவன் விற்றது அத்தனையும் உண்மை. இலவசமாகக் கிடைக்கிற உண்மை.

மறுநாள் பவானி சாக்கிலிருந்து மீட்ட அட்டையோடு வங்கிக்குப் போனாள். பத்து நிமிட வேலை. அதில் ஆறு நிமிடம் பேனா தேடியது. மாதம் முடியுமுன் பணம் வந்தது. பவானி விடுதிக்குப் போனாள்.

போவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, பஞ்சம்மாள் வீட்டு வாசலில் அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள். பவானி ஒவ்வொருவர் போனிலும் அவரவர் கையாலேயே எண்ணைப் போட வைத்தாள். ஒரு பெரியவர் மட்டும் போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தயங்கினார்.

"ஆத்தா, எந்தத் தெசை பாத்து உக்காந்து போடணும்? கெழக்கா, வடக்கா?"

"சிக்னல் கெடைக்கிற தெசை பாத்து உக்காருங்க, பெரியப்பா."

எல்லோரும் சிரித்தார்கள். பெரியவர் சிரிக்கவில்லை. கிழக்கே பார்த்தே உட்கார்ந்தார். பஞ்சம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

"தோட்டத்துல நம்ம எடுத்த காயி அரைக் கிலோ கொறைஞ்சா கங்காணி சட்டையைப் புடிக்கிறோம். சந்தையில ஒரு தக்காளி அழுகியிருந்தா ஊரைக் கூட்டுறோம். கண்ணை மூடி ஒக்காந்திருக்கவன்கிட்ட மட்டும் ஏன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டேங்கிறோமே! நானுந்தான் நின்னேன், கைகூப்பிக்கிட்டு. அவன் கண்ணை மூடுறது அவன் பொழப்பு. நம்ம எதுக்குய்யா மூடணும்?"