ஆள் நிறைந்தால்தான் ஓடம்

நுரைநாட்டை எந்த வரைபடத்திலும் தேட வேண்டாம், கிடைக்காது. நடுவே அகண்ட ஆறு. இக்கரையில் அரண்மனையும் ஆஸ்பத்திரியும். அக்கரையில் வயல்களும் ஜனங்களும். இரண்டையும் சேர்த்து வைத்திருந்தவை அரசாங்க ஓடங்கள்.

அந்த ஓடக்காரர்களுக்கு ஒரு வழக்கம். கயிற்றை அவிழ்க்கும் முன் கரையைப் பார்த்து, வாயருகே கை குவித்து, "யாராச்சும் வர்றீங்களா?" என்று கூவுவார்கள். தூரத்தில் யாராவது ஓடி வந்தால் காத்திருப்பார்கள். ஒற்றை ஆளுக்கும் ஓடம் போகும்.

மகாராஜா கீர்த்திவாகனருக்குப் புதிதாக ஒரு பொருளாதார ஆலோசகர் வாய்த்தார். பெயர் தீட்சண்யர். ஓடத்தில் ஒருநாளும் ஏறியதில்லை. ஆனால் ஓடத்தைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை.

"மகாராஜா! பாதி காலியாகப் போகும் ஓடம், பாதி மூழ்கிய ஓடம். இனி இருக்கைகள் நிறைந்தால்தான் கிளம்ப வேண்டும்."

"கூவுகிறார்களே, அது?"

"கூவினால் காத்திருக்கத் தோன்றும். காத்திருப்பது நஷ்டம். இந்த ஓடக்காரர்களே நாட்டுக்கு நஷ்டம்தான்."

"அற்புதம்!" மகாராஜா கையெழுத்திட்டார். கூவுவது குற்றமாயிற்று.

மறுநாள் அக்கரையில், பூரணி என்ற நிறைமாதக்காரி வலியில் துடித்தபடி ஓடத்தில் ஏறினாள். கூட அவள் புருஷன். மற்ற இருக்கைகள் காலி. கரையில் நின்ற அரசாங்க மேற்பார்வையாளர் கயிற்றை மிதித்துக்கொண்டார்.

"ஆள் நிறையட்டும்."

துடுப்போடு நின்றிருந்தாள் ஓடக்காரர் சங்கத் தலைவி செங்கமலம். "வயித்துக்குள்ள ஒரு ஆள் இருக்கே, அதைச் சேத்தியாச்சா ஐயா?"

"சட்டம்மா. நான் என்ன பண்ண?"

அவள் வாதாடவில்லை. வேலை முடித்து மர நிழலில் சாய்ந்திருந்த சங்கத்துக்காரர்களைப் பார்த்துத் தலையை அசைத்தாள். மளமளவென்று வந்து ஏறி உட்கார்ந்தார்கள்.

"நீங்கள்ளாம் எங்கய்யா?" என்று அதட்டினார் மேற்பார்வையாளர்.

"துடுப்பு போட்டே அலுத்துப்போச்சு. ஒரு தடவையாவது மகாராஜா மாதிரி உக்காந்து போறோமே!" என்றார் மூத்த ஓடக்காரர் குப்பாண்டி.

ஓடம் பறந்தது. ஆஸ்பத்திரியில் பூரணிக்குப் பெண் குழந்தை.

அன்றிலிருந்து அதுவே சங்கத்தின் முறையாயிற்று. வேலை முடிந்தவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. காலி இருக்கையில் உட்கார்ந்தார்கள். பசியோடு, தூங்கி வழிந்துகொண்டு, முதுகு வலியோடு. யாரும் கரையில் தவித்து நிற்கவில்லை.

தீட்சண்யர் அரண்மனைக்குள் துள்ளி வந்தார். "மகாராஜா! ஓடங்கள் எல்லாம் நிறைந்தே போகின்றன. என் திட்டம் வெற்றி! ஆஸ்பத்திரிக்கும் நீட்டிப்போம். படுக்கைகள் நிறைந்தால்தான் வைத்தியம்."

"நம் அரண்மனை வைத்தியர்?"

"ஒரே நோயாளிக்கு ஒரு வைத்தியரா? வீண் செலவு. அனுப்பியாயிற்று."

மகாராஜா அதற்கும் கையெழுத்திட்டார். சில நாளில், வெளிநாட்டு வணிகர்களையும் அழைத்து வெற்றிக்கு விருந்து நடந்தது. விருந்து முடிந்ததும் மகாராஜாவின் வயிற்றில் கத்தி சொருகியது போல் ஒரு வலி.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். புதுச் சட்டத்துக்குப் பயந்து ஜனங்கள் வராததால் அத்தனை படுக்கையும் காலி. ஆஸ்பத்திரி வைத்தியர் கையைக் கட்டி நின்றார்.

"இன்னும் நிறையவில்லை, மகாராஜா. மருந்தைத் தொட்டால் என்னைச் சிறையில் போடுவார்கள்."

"சட்டத்தை ரத்து செய்!" என்று அலறினார் மகாராஜா.

தீட்சண்யர் காதோரம் குனிந்தார். "ரத்து செய்தால் வெளிநாட்டு வணிகர்கள் நம்மை நம்ப மாட்டார்கள். வாசலில்தான் நிற்கிறார்கள். கொஞ்சம் பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள்."

ஆஸ்பத்திரி ஆயா ஒருத்தி துறைக்கு ஓடி விஷயத்தைச் சொன்னாள்.

"கெடக்கட்டும் விடு தாயி. அவரு போட்ட சட்டம்தானே!" என்றார் குப்பாண்டி.

"வலிக்குதுண்ணே. ராஜா வயிறுன்னு வலிக்குத் தெரியுமா?" என்றாள் செங்கமலம். "ஒத்த ஆளுக்கும் ஓடம் விட்டவங்க நாம."

துடுப்பைக் கீழே வைத்தாள். துறையை ஒட்டிய கடைத்தெருவைப் பார்த்துக் கை குவித்தாள். தடை செய்யப்பட்ட அந்தக் குரல் ஊரெங்கும் கேட்டது.

"யாராச்சும் வர்றீங்களா?"

ஓடக்காரர்கள் வந்தார்கள். மீன் விற்கிறவர்கள், தெரு கூட்டுகிறவர்கள், கைக்குழந்தையோடு பூரணி... எல்லாரும் ஓடி வந்தார்கள். படுக்கைகள் நிறைந்தன. வைத்தியர் மருந்துப் பெட்டியைத் திறந்தார்.

வலி அடங்கியதும் மகாராஜா திரும்பிப் பார்த்தார். பக்கத்துப் படுக்கையில், கை காய்த்துப்போன ஒரு பெண்.

"யார் நீங்களெல்லாம்?"

"தெரியலையா மகாராஜா?" செங்கமலம் சிரித்தாள். "நஷ்டம், நஷ்டம்னு சொல்வீங்களே... அது நாங்கதான்."

வெளியே முரசு முழங்கியது. தீட்சண்யரின் குரல் கணீரென்று கேட்டது.

"படுக்கைகள் நிறைந்தன! திட்டம் மாபெரும் வெற்றி!"

வணிகர்கள் கை தட்டினார்கள். மகாராஜா போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.