மணிவேல் டாக்டரின் கத்தரிக்காய் ஆராய்ச்சி

டிக், டிக். அழுத்தினால் முனை வெளியே வரும், மறுபடி அழுத்தினால் உள்ளே போகும் பேனா அது. நாமக்கல்லில் நடந்த ஒரு பயிற்சியில் என் வீட்டுக்காரருக்குக் கொடுத்தார்கள். மழை விட்ட பிறகு ஓட்டிலிருந்து விழும் சொட்டு மாதிரி, அந்தச் சத்தம் இன்னும் என் காதுக்குள் எங்கோ விழுந்துகொண்டிருக்கிறது.

அவர் பெயர் மணிவேல். அப்போது வேப்பந்தட்டையில் மாட்டு டாக்டர். தொண்ணூற்றொன்பதாம் வருஷம். பயிற்சிக்குச் சாதாரண மனிதராகத்தான் போனார். திரும்பி வந்தவர் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அறிவித்தார்.

"சசி, இனிமே ஆராய்ச்சி ஆதாரம் இல்லாம நான் ஒரு முடிவும் எடுக்க மாட்டேன்."

"காப்பி குடிக்கலாமா? இல்ல, அதுக்கும் ஆதாரம் வரணுமா?"

ஆஸ்பத்திரியில் அது நல்ல காரியம்தான். லேசாகச் செரிமானம் கெட்ட ஆட்டுக்கெல்லாம் ஊசி குத்துவதை நிறுத்திவிட்டார். செல்லப்பன் என்று ஒருவர் சண்டைக்கே வந்தார்.

"ஊசி போடலீங்களா சார்?"

"தேவையில்ல. ஊசி போட்ட ஆடும் போடாத ஆடும் ஒண்ணாத்தான் எந்திரிச்சுதுன்னு ஆராய்ச்சி சொல்லுது."

"அப்ப எனக்காவது ஒண்ணு போடுங்க. பூலாம்பாடியிலேருந்து வந்துட்டு சும்மாவா போறது?"

ஆடு பிழைத்தது. அந்த மட்டில் அவரை மனதுக்குள் மெச்சிக்கொண்டேன்.

அந்த வாரம்தான் பெரம்பலூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் எனக்குத் தமிழாசிரியை வேலை வந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். எம்.ஏ. படித்துவிட்டு, வருஷக்கணக்காக மளிகைச் சீட்டில் மட்டும் தமிழ் எழுதிக்கொண்டிருந்தவள் நான். இதையும் விட்டால் இன்னொன்று வராது.

போகாதே என்று அவர் சொல்லவில்லை. டிக் என்று பேனாவை அழுத்தினார்.

"பொம்பளை எட்டு மணி பஸ்ஸுக்கு ஓடுனா வூட்டுச் சாப்பாடு கெட்டுப்போயிடும்."

"ஆதாரம் இருக்குங்களா?"

பேனா நின்றது. பிறகு இரண்டு மடங்கு வேகமாக அடித்தது.

"ஞாயித்துக்கிழமை சோதனை வச்சுடுவோம். கத்தரிக்காப் புளிக்குழம்பு. ஒண்ணை பஸ்ஸுக்கு ஓடுற அவசரத்துல வையி. இன்னொண்ணை நிதானமா வையி. எது எதுன்னு எனக்கும் தெரியக்கூடாது, ருசி பாக்குற அம்மாவுக்கும் தெரியக்கூடாது. அவசரக் குழம்பு தோத்துச்சுன்னா வேலை கிடையாது."

"நிதானக் குழம்பு தோத்தா?"

"தாராளமாப் போ! ஆராய்ச்சிக்கு நான் கட்டுப்பட்டவன்."

மாமியார் ஆண்டாயி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். "அவசரமோ நிதானமோ, இவ வச்சா ரெண்டும் ஒண்ணுதான்" என்று முன்கூட்டியே தீர்ப்புச் சொன்னார்.

ரகசியத்தைக் காக்கும் பொறுப்பு அடுத்த வீட்டுச் சம்பூர்ணத்துக்கு. ஞாயிற்றுக்கிழமை நான் வைத்த இரண்டு குழம்பையும் ஒரே மாதிரித் தூக்குவாளிகளில் அவளே ஊற்றினாள். ஒன்றில் சிவப்பு நூல், ஒன்றில் வெள்ளை நூல் கட்டி எங்கள் அடுப்படியில் வைத்துவிட்டுப் போனாள். எந்த நூல் எந்தக் குழம்பு என்பது அவளுக்குத்தான் தெரியும்.

சற்று நேரத்தில் இவர் அவள் வீட்டு வாசலில் போய் நின்றாராம்.

"பசு எப்படிம்மா இருக்கு?"

"எங்ககிட்ட பசு இல்லீங்களே சார்."

"வாங்குனா சொல்லு." குரலைத் தாழ்த்தினாராம். "அந்த அவசரக் குழம்பு எந்த நூலு?"

"வெள்ளைங்க சார்."

வீட்டுக்கு வந்தவர் தண்ணீர் குடிக்க அடுப்படிக்குள் போனார். வெளியே வரும்போது கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே வந்தார். தண்ணீர் குடித்தால் விரல் நுனியில் வெள்ளைத் தூள் ஒட்டுமா என்ன?

மத்தியானம் சம்பூர்ணத்தையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு இலை போட்டோம். முதலில் சிவப்பு நூல்.

"ம். திங்கலாம்" என்றார் அத்தை. அவர் வாயிலிருந்து அது பெரிய பாராட்டு.

அடுத்தது வெள்ளை. ஒரு வாய்தான் வைத்தார். முகம் வற்றல் மாதிரி சுருங்கியது. எழுந்து கொல்லைக்கு ஓடினார்.

"அடியே, குழம்பைக் கடல்லயா வச்சே?"

டிக், டிக், டிக். "பாத்தியா சசி? பஸ்ஸுக்கு ஓடுனா இதான் கதி! ஆராய்ச்சி சொல்லிடுச்சு, நான் சொல்லல. சம்பூர்ணம், நீ சொல்லும்மா, வெள்ளை நூலு எது?"

"அது அக்கா நிதானமா வச்சதுங்க சார்."

"காலையில வேற மாதிரி சொன்னியே!"

வாயைத் துடைத்தபடி வந்த அத்தை அப்படியே நின்றார். "யாருக்கும் தெரியக்கூடாதுன்னியேடா. நீ எதுக்குக் காலையில போயி கேட்டே?"

அவர் வந்து கேட்டால் மாற்றிச் சொல் என்று சம்பூர்ணத்திடம் முதல் நாளே சொல்லி வைத்திருந்தேன். அவர் கேட்காமலே இருந்துவிட மாட்டாரா என்று கொஞ்சம் ஆசையும் இருந்தது.

அவர் தொண்டையைக் கனைத்தார். "ஒரே ஒரு சோதனையை வச்சு முடிவு பண்ணக்கூடாது. திரும்பவும் செய்யணும். அதான் முறை."

"செய்யலாமேங்க. உப்பு தீந்துபோச்சு. வாங்கிட்டு வாங்க."

அவர் இலையைப் பார்த்துச் சாப்பிட ஆரம்பித்தார். சிவப்பு நூல் குழம்பைத்தான் ஊற்றிக்கொண்டார்.

திங்கட்கிழமை நான் பஸ் ஏறினேன். சில வருஷம் கழித்து அவரை அரியலூருக்கு மாற்றினார்கள். என் பள்ளிக்கூடத்துக்காகப் பெரம்பலூரிலேயே வீடு பார்த்தோம். இரண்டாயிரத்து ஏழில் ஓய்வு பெறும்வரை, காலையில் குழம்பு வைத்து இறக்கிவிட்டுத்தான் அவர் அரியலூர் பஸ்ஸுக்கு ஓடினார்.