கீரி நெற்றியில் எச்.டி.ஆர்.

ஒரு காட்டில், புலியும் டோக்கன் வாங்கிக்கொண்டு வரிசையில் உட்காரும் அளவுக்கு நாகரிகம் முற்றிய காட்டில், மாசிலாமணி என்றொரு கீரி இருந்தது. பாம்பு பிடிக்க அதற்கு நேரமில்லை. பொழுதன்றைக்கும் வீடியோ கேம்தான். காட்டு அணியில் இடமும் இருந்தது. ஆனால் கேமில் வரும் குகைச் சண்டையில் இருட்டு மூலையில் எதிரி நிற்பது மட்டும் அதன் கண்ணில் படவே படாது. இரண்டு முறை அணி தோற்றது. இன்னொரு முறை தோற்றால் அந்த இடம் உடும்புக்கு என்று தேர்வுக் குழுத் தலைவரான யானை சொல்லிவிட்டது. கீரிக்குச் சோறு இறங்கவில்லை. மானிட்டர் கடை நரியிடம் ஓடியது.

"இதப் பாருங்க தம்பி, இருட்டையும் வெளிச்சத்தையும் பிரிச்சுக் காட்டுற எச்.டி.ஆர். சான்றிதழ் வாங்கின மானிட்டர். எப்பேர்ப்பட்ட இருட்டுலயும் எதிரியோட மீசைய எண்ணலாம்."

"யாரு குடுத்த சான்றிதழ்?"

"ஆந்தை ஐயாவே நேர்ல வந்து பார்த்தாரு. உச்சி வெயில்ல திரை முன்னாடி உட்கார்ந்தாரு, 'கண்ணு கூசுது, மானிட்டர் பாஸாயிடுச்சு'ன்னுட்டாரு."

திரையின் கீழ்மூலையில் தங்க நிற ஸ்டிக்கர் பளபளத்தது. கீரி அங்கேயே விழுந்துவிட்டது. வீட்டுக்குக் கொண்டுவந்து சந்தனப் பொட்டு வைத்தது. ஸ்டிக்கரை உரிக்கவில்லை. புதுப்பொருளில் ஸ்டிக்கரை உரிப்பவன் குடும்பம் நடத்தத் தெரியாதவன் என்பது அந்தக் காட்டின் எண்ணம். சிரிக்காதீர்கள், உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜைப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

போட்டி நாள் வந்தது. குகைக்குள் போனால் அதே கும்மிருட்டு. மின்னியது ஸ்டிக்கர் ஒன்றுதான். எதிரி சரியாக அந்த ஸ்டிக்கருக்குப் பின்னால் நின்று சுட்டான். அணி தோற்றது.

கீரி நரியிடம் சண்டைக்குப் போனது. "மீசைய எண்ணலாம்னியேய்யா!"

"அது நான் சொன்னது தம்பி. சான்றிதழ் சொல்லலையே. எச்.டி.ஆர். படம் வந்தா இந்தத் திரை வாங்கி வச்சுக்கும், அவ்வளவுதான். ஆபீஸ்ல மனு வாங்கிக்கறாங்கல்ல? அந்த மாதிரி."

கீரிக்கு அழுகையே வந்துவிட்டது. வீட்டுக்குப் போய் ஆத்திரத்தில் ஸ்டிக்கரை உரித்தது. குப்பையில் போட மனசு வரவில்லை. மானிட்டருக்குத்தான் உதவவில்லை, நமக்காவது உதவட்டும் என்று தன் நெற்றியில் ஒட்டிக்கொண்டு தேர்வுக் குழுவின் முன் போய் நின்றது.

அங்கே உடும்பு ஆடிக் காட்டிக்கொண்டிருந்தது. கண் மூடித் திறப்பதற்குள் மூன்று எதிரிகள் காலி.

"நல்லாத்தான் ஆடுற," என்றது யானை. "சான்றிதழ் ஏதாச்சும் இருக்கா?"

உடும்பு இன்னொரு எதிரியைச் சுட்டுக் காட்டியது. யானையின் பார்வை மெல்லக் கீரியின் நெற்றிக்கு வந்தது. உடனே எழுந்து தும்பிக்கையைத் தூக்கிக் கும்பிட்டது. "ஏம்பா, இத்தன நாளா ஒரு வார்த்த சொல்லலையே!"

கீரிதான் இப்போது அணித்தலைவர். அணி இன்றுவரை ஒரு போட்டியிலும் ஜெயிக்கவில்லை. உடும்புக்கு நரியின் கடையில் வேலை கிடைத்திருக்கிறது, ஸ்டிக்கர் ஒட்டும் வேலை.

நீதி: மானிட்டர் வாங்கினால் முதலில் ஸ்டிக்கரைக் கிழியாமல் உரித்தெடுத்துக்கொள்ளுங்கள், அதில் வேலை செய்யக்கூடிய பாகம் அது ஒன்றுதான்.