துரதிர்ஷ்டவசமாகக் காப்பாளர் மீது பட்ட பந்து

யாழ்ப்பாணத்தில் எந்த ஊரும் உதைபந்தாட்டத்தில் தோற்றதில்லை. அந்தந்த ஊர்ச் செய்தியாளரைக் கேட்டுப் பாருங்கள். மத்தியஸ்தர் ஏமாற்றியிருப்பார், காற்று மாறி அடித்திருக்கும், இல்லாவிட்டால் மைதானம் சரிந்திருக்கும். நெல்லியடிப் பக்கத்து எங்கள் ஊரை நானும் பல வருடங்கள் இப்படித்தான் தோல்வியிலிருந்து காப்பாற்றி வந்தேன். (பகுதி நேரச் செய்தியாளர். மனச்சாட்சியும் பகுதி நேரம்தான்.)

அக்காவைக் காங்கேசன்துறைப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தோம். அத்தான் அந்த ஊர்க் கழகத்தின் கோல் காப்பாளர். பேப்பரில் கோல் அடித்தவனுக்குத்தான் பெயர் வரும்; தடுத்தவனுக்கு வராது. முழங்கால் தேய்ந்து, இனி விளையாடவே முடியாது என்றிருந்த வேளையில், அவருடைய கடைசி ஆட்டம் எங்கள் ஊருடனான இறுதிப்போட்டியாக வந்து வாய்த்தது.

"ஒருக்கா என்ரை பேர் வந்தால் காணும், தம்பி," என்றார்.

"அது என்ரை பொறுப்பு, அத்தான்."

ஆட்டம் முடிகிற நேரத்தில் எங்களுக்குத் தண்டனை உதை கிடைத்தது. அத்தான் நோகிற காலோடு பாய்ந்து தடுத்துவிட்டார். ஒரு கோலால் தோற்றோம். எழும்பியவர் முதலில் பார்த்தது என்னைத்தான்.

எங்கள் ஊர்ப் பெடியள் என் மோட்டார் சைக்கிளைச் சுற்றி நின்றார்கள்.

"அண்ணை, அத்தானைப் புளுகிப் புகழ்ந்து எழுதினியளோ, பிறகு ஊருக்குள்ளை வரேலாது."

நான் வீரன் அல்ல. "எமது வீரர் அபாரமாக உதைத்த பந்து துரதிர்ஷ்டவசமாகக் காப்பாளர் ஒருவர் மீது பட்டுத் திரும்பியது" என்று எழுதி அனுப்பினேன். (ஓர் அணிக்கு எத்தனை காப்பாளர் என்று கேட்காதீர்கள்.)

அத்தான் விடியவே கடைக்குப் போய், இருந்த பேப்பரை எல்லாம் வாங்கி, பிரித்துப் பாராமலே சொந்தக்காரர் வீடுகளுக்குக் கொடுத்துவிட்டார். தொலைபேசியில் அக்கா கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

"இவரின்ரை பேர் உனக்குத் தெரியாதே, தம்பி?"

வெட்கத்தோடு தொலைபேசியை வைத்தேன். பத்திரிகை ஆசிரியரிடம் ஓடிப்போய்த் திருத்தம் போடச் சொன்னேன்.

"பந்து அவரிலை பட்டதுதானே? பிறகென்ன பிழை?" என்றார்.

அத்தான் என்னைக் கோபித்ததே இல்லை. அதுதான் இன்றுவரை ஆறவில்லை. இப்போது அவர் மைதானத்து ஓரத்தில் கதிரை போட்டிருந்து, தன் கழகத்தின் முகநூலில் செய்தி எழுதுகிறார். ஒவ்வொரு செய்தியும் "போட்டியைச் செய்தியாளர் ஒருவரும் கண்டுகளித்தார்" என்று முடியும். அக்காவின் பிள்ளைகள் அதை எனக்கு முன்னாலேயே உரத்து வாசித்துச் சிரிப்பார்கள். நானும் கூடச் சிரித்து வைப்பேன்.

போன மாதமும் எங்கள் ஊர் அத்தானின் கழகத்திடம் தோற்றது. அத்தானின் செய்தியில் முதல் வரியே எங்கள் காப்பாளரின் பெயர்தான். அந்தப் பெடியன் தடுத்த பந்துகளையும் விரிவாக எழுதியிருந்தார். அவனுடைய தாய் தொலைபேசியும் கையுமாக ஊர் முழுக்கக் காட்டித் திரிந்தார். சந்தையில் என்னையும் மறித்தார்.

"ஆரோ நல்ல மனிசன், தம்பி. நீயே எழுதினது?"